சவுரி தொங்கிய ஆணி

எங்கள் லயக் காம்பராவில் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஓர் ஆணி உண்டு. அதில் அம்மாவின் சவுரி தொங்கும். கலவான சந்தையில் வாங்கியது. முனையில் கறுப்பு நூல் சுற்றியிருக்கும். தீபாவளி, தேர், கல்யாணம் என்று வந்தால் ஆணியிலிருந்து எடுத்து உதறி, நூல்முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு தன் முடியோடு சேர்த்துப் பின்னுவாள். மலைக்குப் போகிற நாட்களில் அது ஆணியிலேயே கிடக்கும். பக்கத்துக் காம்பராக்காரர்கள், சீட்டுக் காசு வாங்க வருகிறவர்கள் என்று யார் உள்ளே வந்தாலும் முதலில் கண்ணில் படுவது அதுதான். அம்மா அதை மறைத்ததில்லை. யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதுமில்லை.

அப்பாவுக்கும் ஒரு முடி இருந்தது. மாசியில் எங்கள் தோட்டத்துக் காமன் கூத்தில் அவர்தான் ரதி. அவர் போட்ட டோப்பா கோயில் தகரப் பெட்டியில் சலங்கையோடும் கிரீடத்தோடும் கிடக்கும். திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு எடுக்கிற வரிப்பணத்தில்தான் அதைச் சீர்செய்வார்கள். அப்பா போன பிறகு அது வேறொருவர் தலையில் ஏறியது.

எனக்கும் முடி இருக்கிறது. ஒன்று தலையில். மாற்று முடி, டேப், பசைக் குப்பி எல்லாம் கட்டிலுக்கடியில் ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள். பெட்டிக்கு மேல் பழைய வினாத்தாள் கட்டு. மூன்றரை வருடம் அப்படித்தான் இருந்தது. அந்தப் பெட்டிக்கு நான் கொடுத்த விலையைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

*

2019இல் பின்னந்தலையில் ஒரு ரூபாய்க் குற்றியளவுக்கு முடி போனது. பார்த்தவுடனே அம்மா புழுவெட்டு என்றாள். இரவில் புழு வந்து முடியை வெட்டுகிறது என்பது நம்மவர்களின் பழைய நம்பிக்கை. சின்ன வெங்காயத்தை நறுக்கி அந்த இடத்தில் சிவக்கும்வரை தேய்த்தாள். புழு என்று எதுவும் இல்லை. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு அணுக்கள் மயிர்க்கால்களையே அந்நியமென்று எண்ணித் தாக்குகிற நோய் இது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. இரத்தினபுரி ஆஸ்பத்திரியின் தோல் கிளினிக்கில் வழுக்கை விழுந்த இடங்களில் ஊசி போட்டார்கள். ஒரு வட்டத்தில் பூனைமயிர் போல முளைத்தது. அதற்குள் இன்னும் மூன்று வட்டங்கள் விழுந்தன. வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்தன. 2020இல் கொரோனாவுக்காகப் பாடசாலைகள் மூடிக்கிடந்த மாதங்களில், காதோரமும் பிடரியும் தவிர மேல்தலை முழுவதும் போய்விட்டது. முடி திரும்பி வரலாம், வராமலும் போகலாம், வந்தாலும் மறுபடி உதிரலாம் என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். கடுமையான புழுவெட்டுக்கு பாரிசிட்டினிப் என்ற மாத்திரையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் அங்கீகரித்தது 2022இல்தான். அதன் விலை என் போன்ற ஓர் ஆசிரியரின் கைக்கு எட்டுவதில்லை.

வீட்டில் இருந்தவரை வலி இல்லை. பாடசாலை திறக்கப்போகிறது என்றதும்தான் நெஞ்சு அடைத்தது. சப்ரகமுவ தோட்டங்களில் நாங்கள் சிதறிக் கிடக்கிறவர்கள். இங்கொரு லயம், அதைச் சுற்றி ரப்பர், சிங்களக் கிராமம், மாணிக்கக் குழி, அப்புறம் இன்னொரு லயம். டவுனில் ஒரு தமிழ் வாத்தியாருக்கு எல்லாக் கடையிலும் முகம் தெரியும். நண்பர்கள் ஆறுதல் சொன்னார்கள்: ரஜினியே மேடைக்கு முடியில்லாமல்தானே வருகிறார் என்று. உண்மைதான். ஆனால் அவர் படத்தில் முடியோடு நின்று எல்லாவற்றையும் வென்ற பிறகு மேடையில் இல்லாமல் நிற்கிறார். எனக்கு அப்போது 28 வயது, பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நம் மொழியில் மயிரும் மானமும் முடிச்சுப்போட்டுக் கிடக்கின்றன. திருக்குறளில் மானம் என்ற 97ஆம் அதிகாரத்தில் மயிர் இரண்டு இடத்தில் வருகிறது. 964இல், நிலையிலிருந்து தாழ்ந்தவர்களுக்குத் தலையிலிருந்து விழுந்த மயிர் உவமை. 969இல், மயிர் போனால் உயிர் வைத்திராத கவரிமா. கவரிமா மான் இனம் இல்லை. பனிமலையில் வாழும் சடைமயிர் எருது அது. அதன் வால்மயிரைக் கட்டித்தான் சாமரம் செய்தார்கள். சவுரி என்ற சொல்லும் அந்த விலங்கிலிருந்து வந்ததே. அம்மா ஆணியில் மாட்டியிருந்த சவுரிக்குள் அந்தப் பழைய விலங்கின் பெயர் இருக்கிறது.

ஆனால் இதே நாம்தான் கதிர்காமத்தில் மொட்டை போட்டு, தலையில் சந்தனம் அப்பிக்கொண்டு, மாணிக்க கங்கையிலிருந்து ஈரத்தோடு வருகிறோம். 1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போன என் அத்தை கோத்தகிரியில் இருக்கிறாள். பழனியில் இரண்டு தடவை முடியிறக்கியவள். மொட்டைத் தலையோடு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஊர் திரும்பியதை எழுதிய கடிதம் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதில் ஒரு சொட்டு வெட்கம் கிடையாது. கொடுத்த முடிக்கு மானம் போவதில்லை, பறிபோன முடிக்குத்தான் போகிறது. நான் எதையும் கொடுக்கவில்லை, பறிகொடுத்தேன். அதனால் ஒளித்தேன்.

*

பாடசாலை திறந்தபோது முடியோடு போனேன். கொழும்பில் ஒரு சலூனில் சிஸ்டம் என்கிற பொய்முடியை ஒட்டிவிட்டார்கள். அப்போது ஒன்று 26,000 ரூபாய். ஒரு வருடம் உழைக்கும் என்றார்கள். ஐந்தாம் மாதம் உச்சியில் வலை தெரிந்தது.

ஏன் அப்படி என்று பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டேன். சிஸ்டம் என்பது ஒரு மெல்லிய வலையோ தோல் போன்ற படலமோதான். அதில் மனித முடியை ஒவ்வொன்றாக ஊசியால் முடிச்சிடுகிறார்கள். இந்தியாவில் நல்ல முடி கிடைப்பது கோயில்களில். திருப்பதி, பழனி, சமயபுரம், திருத்தணி ஆகிய இடங்களில் இறங்குகிற முடி ஏலத்தில் போகிறது. திருப்பதி தேவஸ்தானம் இணையத்திலேயே ஏலம் விடுகிறது. அதைத் தரம் பிரித்து, நீளம் பிரித்து, கழுவி அனுப்புகிறார்கள். சீனத்தின் சூசாங், சிங்டாவ் போன்ற நகரங்களில் பெண்கள் குனிந்தபடி உட்கார்ந்து முடிச்சிடுகிறார்கள். அத்தை பழனியில் இறக்கியது என் தலைக்கு வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் தலைக்கு வந்த முடி அவளைப் போன்ற ஒருத்தி சாமிக்குக் கொடுத்ததாகத்தான் இருக்கும். அவள் காசு வாங்கவில்லை. அவள் தலையில் அது மறுபடி வளர்ந்துவிட்டது. என் தலைக்கு வந்ததும் அது தேயத் தொடங்கியது.

தலையில் வேர்விட்ட முடி மாதம் ஒரு சென்டிமீட்டர் அளவில் வளர்ந்து தன் பழுதைத் தானே மாற்றிக்கொள்ளும். அடியில் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. சிஸ்டத்து முடிக்கு வேரும் இல்லை, எண்ணெயும் இல்லை. கழுவக் கழுவ வறளும். வெயில் பட்டால் நிறம் செம்பட்டையாக வெளுக்கும். சீவச் சீவ முடிச்சு இளகி, ஒவ்வொன்றாகக் கையோடு வரும். தோல் போன்ற மெல்லிய படலம் பார்வைக்கு இயல்பாக இருக்கும்; ஓரிரு மாதத்தில் கிழியும். லேஸ் காற்றோட்டமானது, மூன்று மாதம், மிஞ்சினால் ஆறு மாதம். மோனோ என்கிற கெட்டி வலை அதற்கு மேலும் தாங்கும், சூடு அதிகம். எதைத் தேர்ந்தாலும் ஒரு வருடத்துக்கு ஒன்று போதாது. இதை வாங்குவது என்று சொல்வதே பிழை. பிறர் முடியைக் குத்தகைக்கு எடுக்கிறோம்; குத்தகைக் காசை ஆண்டுதோறும் கட்ட வேண்டும்.

கலவானவில் அந்தக் குத்தகை இன்னும் கூடும். சிங்கராஜ வனத்தின் வாசலில் இருக்கிற ஊர் இது. ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மழை இல்லாத நாளிலும் துணி காய்வதில்லை. ஈரக்காற்றிலும் வியர்வையிலும் பசை இளகும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, தலையையும் வலையையும் சுத்தம்செய்து, மறுபடி ஒட்டியாக வேண்டும். அதோடு 2022 வந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டி இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360 ரூபாயைத் தொட்டது. பெற்றோலுக்கும் காஸுக்கும் நாடே வரிசையில் நின்றது. அந்த வரிசையில் நின்றுகொண்டு முடியின் விலை ஏறிவிட்டதே என்று யாரிடம் சொல்வேன்? 26,000 ஆக இருந்தது ஐம்பதாயிரத்தைத் தொட்டது. பேசாமல் கொடுத்தேன்.

வீட்டுச் செலவுக் கொப்பியில் அரிசி, மாவு, மண்ணெண்ணெய், தங்கச்சியின் கல்யாணக் கடன் எல்லாம் பெயரோடு இருக்கும். இதை மட்டும் "கொ" என்று எழுதிப் பக்கத்தில் தொகை போடுவேன். கொழும்பு என்பதன் முதல் எழுத்து. ஊசி போட்டு முடி வளர்ந்துவிட்டது, தொடர்ந்து கொழும்புக்குப் போய்ப் போட வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். "சரி தம்பி" என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை.

*

ஒரு பொய்முடிக்கு ஆண்டுக்கணக்கு எழுதியவர் எனக்கு முன்னே ஒருவர் இருந்திருக்கிறார். லண்டனில் கடற்படை அலுவலகத்தில் வேலை பார்த்த சாமுவேல் பெப்பிஸ். 1663இல் முதன்முதலாக இரண்டு முடி வாங்கினார்: ஒன்று 3 பவுண், மற்றது 40 ஷில்லிங். அதைப் போட்டுக்கொண்டு தேவாலயத்துக்குப் போன முதல் ஞாயிறு எல்லோரும் தன்னையே உற்றுப்பார்ப்பார்கள் என்று பயந்ததையும், அப்படி எதுவும் நடக்காததையும் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். 1668இல், முடியை ஒழுங்காக வைத்திருக்க நாவிதரோடு ஆண்டுக்கு 20 ஷில்லிங் என்று பேசி முடித்தார். விலை கூடிய முடி 3 பவுண், அதாவது 60 ஷில்லிங்; ஆண்டுப் பராமரிப்பு அதில் மூன்றில் ஒன்று. 350 வருடங்களுக்கு முன்பே அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது: முடியின் விலை வேறு, அதைத் தலையில் வைத்திருக்கும் விலை வேறு.

1795இல் பிரிட்டனில் தலைமுடிக்குப் பூசும் மாவுக்குப் பிரதமர் பிட் வரி போட்டார். மாவு பூச விரும்புகிறவர் ஆண்டுக்கு ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங், கட்டிச் சான்றிதழ் எடுக்க வேண்டும். கட்டியவர்களின் பெயர்ப்பட்டியலை ஊர்த் தேவாலயக் கதவில் ஒட்டினார்கள். அதைப் படித்தபோது எனக்கு உடம்பு கூசியது. டவுனில் பஸ் நிலையச் சுவரில் என் பெயரும் தொகையும் ஒட்டியிருப்பதாக நினைத்துப் பார்த்தேன். அந்த நினைப்பு வந்த இரவில்தான், முதன்முறையாகக் "கொ" எல்லாவற்றையும் கூட்டினேன். 2023 ஜூனிலிருந்து 2024 மே வரை.

சிஸ்டம் இரண்டு, ஒன்று 48,000 வீதம்: 96,000.
கழற்றி ஒட்டும் கூலி, 17 தடவை, 4,500 வீதம்: 76,500.
பஸ், சாப்பாடு, 17 தடவை, 1,500 வீதம்: 25,500.
ஷாம்பு, டேப், சில்லறைச் சாமான், மாதம் 1,200 வீதம்: 14,400.
கூட்டினால் 2,12,400 ரூபாய்.

மாதத்துக்கு 17,700. என் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். ஆனால் தோட்டத்தில் பிறந்தவனுக்கு ரூபாய் என்பது இரண்டாவது அளவுதான். முதல் அளவு பேர். ஒரு நாள் வேலை ஒரு பேர். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். 2021 மார்ச்சிலிருந்து அப்போது வரை ஒரு பேருக்கு 1000 ரூபாய். அப்படியானால் என் தலையில் ஒரு வருடம் இருந்தது அம்மாவின் 212 பேர். காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போய், அட்டை கடித்த காலோடு, நனைந்த படங்குச் சாக்கோடு திரும்பி வருகிற 212 நாள். கொப்பியை மூடிப் பெட்டிக்குள் வைத்தேன். தூக்கம் வரவில்லை.

*

2024 ஜூன் தொடக்கத்தில் பெருமழை. இரத்தினபுரி மாவட்டம் முழுவதும் வெள்ளம். இந்த ஊர் 2017 மே மாத மண்சரிவை மறக்கவில்லை; மழை இரண்டு நாள் விடாமல் பெய்தால் யாரும் தூங்குவதில்லை. கொழும்புக்குப் போக வேண்டிய சனிக்கிழமை பஸ் ஓடவில்லை. அடுத்த கிழமையும் போக முடியவில்லை. ஒட்டி ஐந்து வாரமாகிவிட்டது. நெற்றியோரம் கிளம்பி நின்றது. உள்ளே அரிப்பு, புளித்த வாடை.

கழற்றி ஒட்டும் வேலையைக் கையால் செய்ய யாரும் பழகிக்கொள்ளலாம். சலூனில் பார்த்துப் பார்த்து எனக்கும் தெரியும். பிறகேன் மூன்று வாரத்துக்கு ஒருமுறை விடியற்காலையில் எழும்பி நிவித்திகல வழியாக இரத்தினபுரிக்கும், அங்கிருந்து கொழும்புக்கும் போய்வந்தேன்? லயத்தில் கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை இல்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. நடுவில் சேலை கட்டிய மறைப்பு. தலையைக் கழற்றி வைக்கிற வேலைக்கு அரைமணி நேரம் தனிமை வேண்டும். அந்தத் தனிமையைத்தான் பஸ் பிடித்துப் போய்க் கொழும்பில் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு அம்மா கோயில் பக்கம் போயிருந்த நேரம் பார்த்துப் பெட்டியை எடுத்தேன். ரிமூவர் தெளித்து முன்பக்கத்தைக் கழற்றிவிட்டேன். பிடரிப் பக்கம் கைக்கு எட்டவில்லை, கண்ணாடியில் தெரியவுமில்லை. பாதி கழன்று தொங்கிய முடியோடு நான் நின்றபோது அம்மா குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். "குனி" என்றாள். பின்பக்கத்தை அவளே மெல்ல உரித்து எடுத்தாள். தலையில் அங்கங்கே காய்ந்து கிடந்த பசையை வெந்நீர்த் துணியால் ஒற்றி ஒற்றித் துடைத்தாள். எதுவும் பேசவில்லை. நான்தான் கேட்டேன்.

"ஒனக்கு எப்பத்திலருந்தும்மா தெரியும்?"

"தலகாணி ஒறையில பசை பட்டு வெறச்சிக் கெடந்திச்சே. மூணு வருசமா நாந்தானே தொவைக்கிறேன்."

"ஏன் கேக்கல?"

"நீ சொல்லலியே தம்பி."

அன்றிரவு கொப்பியை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தேன். "கொ" என்றால் என்ன என்று சொன்னேன். மொத்தத்தைச் சொன்னேன். எத்தனை பேர் என்று அவளே கேட்டாள். இருநூற்றுப் பன்னிரண்டு என்றேன். கொஞ்ச நேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கொழுந்து நிறுக்கிற இடத்தில் கணக்கப்பிள்ளையிடம் கேட்பது போலக் கேட்டாள்.

"முடிக்கு எம்புட்டு, பஸ்ஸுக்கும் கூலிக்கும் எம்புட்டு?"

"முடிக்குத் தொண்ணூத்தாறாயிரம். பஸ்ஸுக்கும் கூலிக்கும் ஒரு லச்சத்தி ரெண்டாயிரம்."

"அப்ப முடியவிட ஒட்டுறதுக்குத்தானே கூட. அத நான் ஒட்டிவுடுறேன்."

மூன்றரை வருடம் ஒரு முழுச் சம்பளக்காரனாக இருந்தும் எனக்குத் தெரியாத கணக்கை அம்மா ஒரு கேள்வியில் பிரித்துவிட்டாள். நோய்க்கு ஆன செலவு ஒரு பக்கம். ஒளிப்புக்கு ஆன செலவு மறுபக்கம். ஒளிப்புத்தான் கனமாக இருந்தது. யாரிடமிருந்து ஒளித்தேனோ அவளுக்கு முதல் வருடமே தெரிந்திருந்தது.

*

2025க்கு முதன்முறையாக முன்கூட்டியே திட்டம் எழுதினேன். இதை எழுதுவதே என்னைப் போல ஒரு பெட்டியைக் கட்டிலுக்கடியில் வைத்திருப்பவர்களுக்காகத்தான்; அதனால் விவரமாகச் சொல்கிறேன்.

கெட்டி மோனோ வலை, ஓரத்தில் மட்டும் மெல்லிய படலம். அப்படி இரண்டு சிஸ்டத்தை ஒரே நேரத்தில் எடுத்ததால் ஒன்று 38,000: மொத்தம் 76,000. ஒவ்வொன்றையும் தலைக்கேற்ப வெட்டுவதற்கு மட்டும் சலூன், இரண்டு தடவை 5,000 வீதம்: 10,000. அந்த இரண்டு பயணத்துக்கு 3,000. டேப், பசை, ரிமூவர், ஷாம்பு மாதம் 2,000 வீதம்: 24,000. எதிர்பாராத கிழிசலுக்கென்று 7,000. மொத்தம் 1,20,000. முந்தைய கணக்கைவிட 92,400 குறைவு. 2024 செப்டம்பரில் நாட்சம்பளம் 1350 ஆகியிருந்தது. அந்தக் கணக்கில் 89 பேர். இன்னும் பெரிய தொகைதான். ஆனால் இப்போது என்னால் அதை நிமிர்ந்து பார்க்க முடிகிறது.

இரண்டையும் ஒரேயடியாக வாங்கக் கையில் காசு வேண்டும். அதற்குச் சீட்டுப் போட்டேன். பன்னிரண்டு கை, மாதம் பத்தாயிரம். முடியாதவர்கள் இரண்டு பேர் சேர்ந்து ஒரு கை. எனக்கு இரண்டாவது மாதமே எடுக்க வேண்டும். சீட்டுப் பிடிக்கிற அக்கா அவ்வளவு அவசரம் எதற்கு என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்: "தம்பியோட முடிக்கு." அக்கா தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார். பெப்பிஸின் முதல் ஞாயிறு போலத்தான் அதுவும் கடந்துபோனது.

மீதி எல்லாம் பழக்கம். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டால் இரண்டுமே நாள்படும். பசை புதிதென்றால் முழங்கையின் உட்பக்கம் ஒரு நாள் தடவிப் பார்த்துவிட்டே தலையில் வைக்க வேண்டும். கழற்றிய அன்றே ஒட்டாமல் ஓரிரவு தலையைச் சும்மா விட வேண்டும். புண் வந்தால் மருந்துச் செலவு வேறு. வெயிலில் குடை கட்டாயம். நிறம் வெளுப்பதில் பாதி நின்றுவிடும். நிழலில்தான் காயவைக்க வேண்டும். முடி அடர்த்தியாகக் கேட்கத் தோன்றும். மெலிதாகக் கேளுங்கள், அதுதான் இயல்பாகத் தெரியும். ஒரு வருடத்துக்கு மட்டும் முடி தேவைப்படுகிறவர்கள் மனித முடிக்குப் போக வேண்டியதில்லை. செயற்கை இழை முடி விலையில் பல மடங்கு குறைவு, நெருப்புச் சூட்டிலிருந்து மட்டும் தள்ளி வைத்தால் போதும்.

அந்தக் கடைசி வரியை எழுதும்போது கொழும்பு பஸ்ஸில் அடிக்கடி பார்த்த பெண்கள் நினைவுக்கு வருகிறார்கள். மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய்வருகிறவர்கள். சேலைத் தலைப்பை நெற்றிவரை இழுத்துவிட்டிருப்பார்கள். பல புற்றுநோய் மருந்துகளில், முதல் மருந்து ஏறிய இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டத் தொடங்கும். சிகிச்சை முடிந்த சில மாதங்களில் திரும்பவும் முளைக்கும். அந்த இடைக்காலத்தைக் கடக்க ஒரு முடி வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் நான் அவர்களோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. என் தலையைப் பற்றிச் சொல்ல நேர்ந்துவிடும் என்ற பயம். நமக்குத் தெரிந்த ஓர் உபாயத்தை, ஒரு மலிவான வழியை, பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லாமல் விட்டதையும் ஒளிப்பின் செலவில்தான் சேர்க்க வேண்டும். எந்தப் பக்கத்தில் எழுதிக் கூட்டுவது என்றுதான் தெரியவில்லை.

செலவுக் கொப்பியில் இதற்கு எழுதும் தலைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். "கொ" என்பதை அடித்துவிட்டு என்ன எழுதுவது என்று யோசித்தேன். அழகு என்றால் ஆடம்பரமாகிவிடும். கஷ்டம் வந்தால் முதலில் வெட்டப்படும். வேல்சில் அரசு சுகாதார சேவை மருத்துவத் தேவைக்கான பொய்முடியைக் கட்டணமில்லாமல் தருகிறது. இங்கிலாந்தில் அதற்கென்று நிர்ணயித்த கட்டணம் உண்டு; 16 வயதுக்குட்பட்டவர்களுக்கும் ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெறுகிறவர்களுக்கும் அதுவும் இல்லை. அங்கே அது ஊன்றுகோலும் கண்ணாடியும் இருக்கிற வரிசையில் எழுதப்படுகிறது. எங்கள் தோட்டத்தில் அப்பாவின் டோப்பாவை ஊரே வரி போட்டுச் சீர்செய்தது, அது சாமி காரியம் என்பதால். ஒரு பிள்ளை வகுப்பறையில் குனிந்த தலை நிமிர்வதும், ஒரு தாய் சிகிச்சைக்கு நடுவில் பிள்ளையின் கல்யாணப் படத்தில் நிற்பதும் அதைவிடக் குறைந்த காரியமில்லை. ஊர்ச் சங்கங்கள் மரணச் செலவுக்குக் காசு சேர்க்கின்றன. இதற்கும் ஒரு சிறு தொகை ஒதுக்கினால் எத்தனையோ சேலைத் தலைப்புகள் நெற்றியிலிருந்து இறங்கும்.

கடைசியில் கொப்பியில் "முடி" என்றே எழுதினேன். அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் நடுவில். முழுச் சொல்லாக.

*

சின்ன வயதிலிருந்து நாங்கள் குளித்தது பீலியில். லயத்துக்குப் பின்னால் மலை கசிந்து வருகிற தண்ணீரை மூங்கிலில் பிடித்து விட்டிருப்பார்கள். இப்போது பிளாஸ்டிக் குழாய். சனிக்கிழமை பின்னேரம் ஆம்பிளைகள் எல்லாம் அங்கேதான். சிஸ்டம் வந்த பிறகு நான் போகவில்லை. வாளியில் தண்ணீர் பிடித்து, கோடிப்புறத்தில் கழுத்துக்குக் கீழேதான் குளிப்பேன்.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை. பழைய முடியைக் கழற்றி அலசி, இஸ்தோப்பில் நிழலாகப் பார்த்துத் துணிக்கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தேன். துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு பீலிக்குப் போனேன். மூன்று பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தள்ளி நின்று இடம் விட்டார். சவர்க்காரத்தை நீட்டினார். தண்ணீர் நேராக உச்சியில் விழுந்தது. அந்தக் குளிர்ச்சி எப்படி இருக்கும் என்பதையே மறந்துபோயிருந்தேன். மூச்சு முட்டும்வரை நின்றேன்.

திரும்பி வரும்போது மழை இருட்டிக்கொண்டு வந்தது. அம்மா இஸ்தோப்பில் அவசர அவசரமாகத் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். என் சட்டை, அவளுடைய சேலை, துவாய், கடைசியாக என் முடி. ஒரு கையில் துணிக் குவியல், மறுகையில் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னும் ஈரமாத்தான் இருக்கு தம்பி" என்று உள்ளே கொண்டுபோய், கண்ணாடிக்குப் பக்கத்து ஆணியில் தன் சவுரிக்கு மேலேயே மாட்டினாள்.